விநாடி எத்தனை விநாடி?

முள்ளிக்குளத்துக்குத் தெற்கே மோதரகம் ஆறு. அதற்கப்பால் வில்பத்துக் காடு. காட்டைத் தாண்டினால் சிங்கள ஊர்கள். 2007 செப்டெம்பரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்த பின், எம்மிற் பலர் சிங்களம் பேசுவோர் நடுவே படிக்கவும் தொழில் செய்யவும் நேர்ந்தது. இரு மொழிக்கும் பொதுவான சொல் ஒன்று காதில் விழுந்தால் ஆறுதலாக இருக்கும். அப்படி நம்பிய ஒரு சொல்லே எம்மை ஏமாற்றியது.

மருத்துவப் பயிற்சிக் காலத்தில், தெற்கே ஒரு வைத்தியசாலையில், வலிப்பு வந்த குழந்தையைத் தாயொருவர் தூக்கிவந்தார். எவ்வளவு நேரம் வலித்தது என்று கேட்டோம். "விநாடி பஹக்" என்றார். ஐந்து விநாடி என்று எழுதிவிட்டோம். அருகில் நின்ற தாதி திருத்தினார்: தாய் சொன்னது ஐந்து நிமிடம். வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு நீடித்தால் அது அவசர நிலை. உடனே மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும். தாதி நின்றதால் குழந்தை தப்பியது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாடியாகவும், விநாடியை 60 தற்பரையாகவும் பிரித்தனர். இன்றைய கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். பழைய விநாடி 24 செக்கன். சிங்களவரிடமும் இதே அளவுகள் இருந்தன. நாழிகையை அவர்கள் 'பெய' என்றனர்.

ஐரோப்பிய மணிக்கூட்டின் அளவுகளுக்குப் பெயரிட்டபோது வழி பிரிந்தது. சிங்களத்தில் 'பெய' 60 நிமிடம் கொண்ட மணித்தியாலமாக நீண்டது. அதில் 60இல் ஒரு பங்கான விநாடி நிமிடமாயிற்று. அதிலும் 60இல் ஒரு பங்கான தற்பரை, 'தத்பர' என்ற பெயரில், செக்கனாயிற்று. பழைய படிவரிசை குலையவில்லை. தமிழோ மணியடித்து அறிவித்த பொழுதை மணி என்றது. கண்ணிமைப்பைக் குறித்த நிமிஷத்தை 60 செக்கனுக்கு நீட்டியது. விநாடியை ஒரு செக்கனாகச் சுருக்கியது. தாய்லாந்து மொழியும் எம் பக்கமே: அங்கே 'நாதி' நிமிடம், 'விநாதி' செக்கன்.

ஆக, ஒரே சொல்லுக்கு அறுபது மடங்கு வேறுபாடு. பிழை எந்த மொழியிலும் இல்லை. கேட்டுத் தெளியாமல் எழுதிய எம்மிடமே இருந்தது.

பாடநூலில் செக்கன் என்று படித்தோம். பேச்சில் விநாடி என்றோம். இரண்டும் ஒன்றென்பது எமக்குத் தெரியும், அடுத்த ஊராருக்குத் தெரியாது. எங்கெங்கோ வாழும் சகோதரிகளுக்கும், முள்ளிக்குளத்தில் கடற்படை முகாமை அண்டி வாழும் எம்மவருக்கும் ஒரு வேண்டுகோள். மொழி மாறி நேரம் சொல்லும்போது மணிக்கூட்டைக் காட்டிச் சொல்லுங்கள். வீட்டில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால், தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் இலக்கத்தில் எழுதி, அந்தத் துண்டையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.