ஆண்டிறுதி மழையிலும் மிளகாய்ச் செடியைக் காப்பாற்றலாம்

ஆண்டிறுதியில் பசாருக்குப் போனால் மிளகாய் விலை கையைக் கடிக்கும். கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் வடகிழக்குப் பருவமழை. தாய்லாந்திலிருந்து மிளகாய் லாரிகள் வரும் தென்பகுதியிலும் அதே மழை. அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கும் செடியும் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். வயதாகிவிட்டது என்று அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மழை விட்டதும் புதுக் கன்று வாங்குவது பல வீடுகளில் வழக்கம். அப்படி எறியப்படும் செடிகளில் பல, இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காய்க்கக் கூடியவை.

மிளகாய் ஒரு பருவத்தோடு முடியும் பயிர் என்ற எண்ணம் குளிர்நாட்டிலிருந்து வந்தது. 1753இல் தாவரங்களுக்கு அறிவியல் பெயரிட்ட சுவீடன் நாட்டு லின்னேயஸ், இதற்குக் 'கேப்சிகம் அன்னுவம்' என்று பெயர் வைத்தார். அன்னுவம் என்றால் ஓராண்டுச் செடி. ஐரோப்பாவில் பனி விழுந்ததும் அது மடிந்துவிடும் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியது. உண்மையில் மிளகாய், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் பல ஆண்டுகள் வாழும் குறுஞ்செடி. இன்று குளிர்நாடுகளில் ஆர்வமுள்ளவர்கள் இலையுதிர் காலத்திலேயே கிளைகளை வெட்டி, தொட்டியை வீட்டுக்குள் தூக்கி வைத்து, வசந்தத்தில் மீண்டும் வெளியே கொண்டுவந்து அதே செடியில் காய் பறிக்கிறார்கள். நம் ஊரில் பனி இல்லை. ஆனால் மழைக்காலம் இருக்கிறது. செடிக்கு அதுதான் நம்முடைய குளிர்காலம்.

வணிகத்துக்குப் பயிரிடுவோர் சில மாதங்கள் பறித்துவிட்டுச் செடிகளை அழிப்பதற்குக் காரணம் வேறு. ஆயிரக்கணக்கான செடிகளில் பூச்சியும் நோயும் சேர்ந்துகொண்டே போகும், காயும் சிறுக்கும். நாலைந்து தொட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சில்லி பாடி வகை நெடுநாள் நிற்கும். கூலாய் போன்ற நீள மிளகாய் அவ்வளவு தாங்காது என்றாலும், இன்னொரு சுற்று காய்க்க வைக்கலாம்.

மழையில் செடி சாவது பெரும்பாலும் வேரிலிருந்துதான். தொட்டியில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். மேலே இலை வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவோரும் உண்டு! அடுத்தது, மண்ணில் விழும் மழைத்துளி தெறித்து நோய்க் கிருமிகளை இலைக்கும் காய்க்கும் ஏற்றுவது. காயில் வட்டமாகக் குழி விழுந்து கறுப்பது இப்படிப் பரவும் பூஞ்சை நோய். காய்ந்த லாலாங் புல்லைச் செடியடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் தெறிப்பு குறையும். பூ விடாத புல்லாக, கிழங்கு ஒட்டாமல் அறுத்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் லாலாங்கே முளைத்துவிடும். தரையில் நடுபவர்கள் மேட்டுப் பாத்தி போட்டு நடுவதே நல்லது.

முக்கியமான வேலை கவாத்து. தேயிலைத் தோட்டத்தில் செய்வது போலத்தான். மிளகாய்ச் செடியின் தண்டு ஓரடி வளர்ந்ததும் கவட்டையாகப் பிரியும். அந்தக் கவட்டைக்கு மேல் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மூன்று கணுக்கள் மிஞ்சும்படி வெட்ட வேண்டும். கவட்டைக்குக் கீழே வெட்டினால் பழைய கட்டையிலிருந்து துளிர் வருவது நிச்சயமில்லை. ஒரே நாளில் மொட்டையடிக்கத் தயங்குபவர்கள் சில இலைகளை விட்டு வைக்கலாம். செடியும் சீக்கிரம் தேறும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டில் துடைப்பது அவசியம். ஒரு செடியின் நோய் அடுத்த செடிக்குப் போக அந்தக் கத்தரி ஒன்றே போதும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடைமழையில் வெட்டினால் வெட்டுவாய் ஈரத்தில் அழுகும். மேற்குக் கரை மாநிலங்களில் அக்டோபர், நவம்பரிலேயே மழை வலுக்கும் என்பதால் செப்டம்பர் ஏற்றது. கிழக்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் அக்டோபருக்குள் முடித்துவிடலாம். தொடர்ந்து மூன்று நான்கு நாள் வெயில் இருக்கும் வாரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டுமுன் செடியிலிருக்கும் பச்சைக் காயை எல்லாம் பறித்து மோர் மிளகாய் போட்டால், வெயில் போகுமுன் காய்ந்துவிடும். மருந்து அடிக்காத செடியென்றால் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம். பிலிப்பைன்ஸ்காரர்கள் கோழிச் சாற்றில் போடுவது அந்த இலையைத்தான்.

வெட்டிய செடி முழங்கால் உயரத்துக்குள் அடங்கிவிடுவதால் காற்றுக்குச் சாயாது. தொட்டியைக் கிழக்கு பார்த்த கூரை ஓரத்தில், இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் மழை நேராக விழாது, காலை வெயிலும் கிடைக்கும். அடித்தட்டை எடுத்துவிட வேண்டும். அதில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கிப் பரிசோதனையில் அபராதமும் வரலாம். வீவக வீடுகளில் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்கும் வழியை மறிக்காமல் வைக்க வேண்டும். மண்ணில் விரலை இரு கணு அளவு விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இந்த நாள்களில் உரம் வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரும் வேண்டாம். எறும்பும் பூனையும்தான் வரும்.

எல்லாச் செடியையும் காப்பாற்ற நினைப்பதும் தவறு. இலை மேல்நோக்கிப் படகு போல் சுருண்டால் அது இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு தடித்தால் சிலந்திப் பேன். இரண்டும் கவாத்துக்குப் பின் தேறலாம். ஆனால் இலை மஞ்சளும் பச்சையும் கலந்து திட்டுத் திட்டாகி, வெட்டிய பின் வரும் துளிரும் அப்படியே வந்தால் அது வைரஸ். அதற்கு மருந்தில்லை. வெள்ளை ஈயும் அசுவினியும் அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகுமுன் பிடுங்கிப் பையில் கட்டி எறிய வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த செடி பச்சையாகவே வாடித் தொங்கினால், அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். வெட்டுவாயிலிருந்து பால் போல் இழை இழையாக இறங்கினால் பாக்டீரியா வாடல் நோய். அந்த மண்ணில் மீண்டும் மிளகாய் மட்டுமல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளி, கத்தரியும் வைக்கக் கூடாது.

மழை ஓய்ந்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேர்ப் பந்தின் வெளிப்பக்கத்தை இரு விரல் அளவு சீவிவிட்டு, கறுப்பு மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய மாட்டெரு கலந்த புது மண்ணில் வைக்கலாம். மக்காத கோழி எரு வேரைச் சுட்டுவிடும். இரண்டு வாரம் கழித்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி 15:15:15 உரத்தைத் தண்டிலிருந்து தள்ளிப் போட வேண்டும். பூ எடுத்ததும் சாம்பல் சத்து கூடிய 12:12:17 நீல உரத்துக்கு மாறி, இரு வாரத்துக்கு ஒருமுறை அதே அளவு கொடுக்கலாம். பூவிலிருந்து பச்சைக் காய் பறிக்க ஏறக்குறைய ஒரு மாதம். வேர் பழையது என்பதால், அதே நாளில் விதை போட்டவர் நாற்றைப் பிரித்து நடும் நேரத்தில் இந்தச் செடி பூத்திருக்கும்.