கோயில் சபைக்கு, பத்திரம் கம்பெனிக்கு

திருவனந்தபுரம் பாளையம் பக்கம் போனவர்களுக்கு எல்.எம்.எஸ். வளாகம் தெரிந்திருக்கும். லண்டன் மிஷன்காரர்களின் இடம். மட்டீர் நினைவு ஆலயம் அங்கேதான் இருக்கிறது. இன்று சி.எஸ்.ஐ. தென்கேரளப் பேராயத்தின் தலைமையிடமும் அதுதான்.

சரி, சி.எஸ்.ஐ. சொத்துக்கள் யார் பேரில் இருக்கின்றன? பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பேரில்!

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. பிறந்தது. அதே மாதம் 'சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன்' என்ற கம்பெனியும் பதிவானது. 1913ஆம் வருடச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. லாபத்தைப் பங்கு போடக்கூடாது, பேரில் 'லிமிடெட்' வேண்டாம். அதுவே 1956 சட்டத்தில் 25ஆம் பிரிவு, 2013 சட்டத்தில் 8ஆம் பிரிவு.

ஏன் கம்பெனி? சபை என்பது சட்டத்தின் கண்ணில் பதிவாகாத ஒரு கூட்டம். பிஷப் பேரில் நிலத்தை எழுதினால் ஆள் மாறும்போதெல்லாம் சிக்கல். கம்பெனிக்குச் சாவு கிடையாது.

வழக்குப் போடவும் வசதி. சாமுண்டி மொபெட்ஸ் நிறுவனம் வாடகை பாக்கி வைத்தபோது, அதை இழுத்து மூடச் சொல்லி இந்தக் கம்பெனிதான் மனுப் போட்டது. தடை உத்தரவு வேறு, ரத்து வேறு என்று அதில் 1992ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஆனால் கம்பெனி என்று ஆனபின் கணக்கு, பதிவாளர், விசாரணை எல்லாம் வரும். சொத்துத் தகராறு வந்தால் ஒரு தரப்பு 'இது சபை விவகாரம்' என்கும், மறு தரப்பு 'கம்பெனி விவகாரம்' என்கும். பிடியரிசி எடுத்து வைத்துக் கோயில் கட்டிய பாட்டிமார் சபையில் அங்கம், கம்பெனியில் இல்லை. கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு எங்கே இருக்கிறது?