கொடி இறங்கியது, சட்டம் இறங்கவில்லை

சுதந்திரத் தேதியை முதலில் கேட்ட ஊர் மலாக்கா. 1956 பிப்ரவரி 20ஆம் தேதி, பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் அதை அறிவித்தார். இன்றும் ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தேசியக் கொடியை ஏந்தி நிற்கிறார்கள். அவர்களில் ஆணாகப் பிறந்து பெண்ணாகத் தன்னை உணரும் பிள்ளையும் இருக்கலாம். நாளை தன் பாலினத்தவரையே நேசிக்கப்போகும் பிள்ளையும் இருக்கலாம். அந்தக் கொடியில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

"இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது" என்ற பதில் சட்டென்று வந்துவிடும். சரி, அந்தத் தடை எங்கிருந்து வந்தது?

மெக்காலே தலைமையில் வரைவு எழுதப்பட்டு, 1860இல் பிரிட்டிஷ் அரசு நிறைவேற்றியது இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 377ஆம் பிரிவு, "இயற்கைக்கு முரணான" உறவைக் குற்றமாக்கியது. அதே சட்டத்தை ஒட்டி 1871இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய தொடுவாய்க் குடியேற்றங்களுக்கும் ஒரு தண்டனைச் சட்டம் எழுதினார்கள். டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதோ 1896இல்தான். ரப்பர்ப் பால் மரம் சீவ வந்த தமிழருக்கு முன்பே இந்தச் சட்டம் வந்து காத்திருந்தது! 1938இல் ஆண்களுக்கு இடையிலான உறவைத் தண்டிக்கும் 377ஏ பிரிவையும் சேர்த்தார்கள். தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியதும் அதே ஆண்டுதான்.

தமிழர் கொண்டுவந்த மூட்டையில் இருந்தது வேறு. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், முதல் இயலிலேயே, ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவரைக் குறிக்கும் பெயரை உயர்திணையில் வைக்கிறது. 'பேடி' என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். திருநங்கையைப் பார்த்து "அது வருது" என்று சொல்லும் நாக்கு, பண்பாட்டை மட்டுமல்ல, இலக்கணத்தையும் மீறுகிறது. அதற்காகப் பழந்தமிழகம் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது என்று சொல்லிவிட முடியாது. பேடி என்ற சொல் கோழைக்கு வசவானதும் இதே தமிழில்தான். ஆனாலும் அஃறிணையில் தள்ளவில்லை.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா விடுதலை பெற்றது. நான்கே நாளில், செப்டம்பர் 4ஆம் தேதி, லண்டனில் வுல்ஃபெண்டன் குழுவின் அறிக்கை வெளியானது. வயது வந்த ஆண்கள் தனிமையில் மனமொப்பி உறவு கொள்வது குற்றமாக இருக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பத்து ஆண்டு கழித்து, 1967இல், இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். பெற்றுக்கொண்டவர்கள் அதையே தங்கள் பாரம்பரியம் என்று காவல் காக்கிறார்கள். இதில் தன்மானம் எந்தப் பக்கம்?

சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2022இல் நாடாளுமன்றத்தில் நீக்கியது. மனமொப்பிய உறவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி குற்றப்பட்டியலிலிருந்து எடுத்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2008இல், தமிழ்நாடு திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது. 2019இல் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை மதுரையில் பிறந்த தமிழச்சி என்பதில் தமிழருக்குப் பெருமை இல்லையா?

மலேசியாவில் 377ஏ, 377பி பிரிவுகளின்படி இன்றும் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். இன, மத வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் இது பொருந்தும். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி. குடிமக்களிடம் பாகுபாடு கூடாது என்னும் அதன் பட்டியலில் 2001இல் 'பால்' என்ற சொல்லும் சேர்ந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வெளியேற்றப்படுவது என்றால் என்ன என்று லயத்து வீடுகள் அனுபவித்துத் தெரிந்துகொண்டன. அப்படிப்பட்ட குடும்பமே தன் பிள்ளையை வாசலுக்கு வெளியே நிறுத்தினால், அந்தப் பிள்ளை யாரிடம் போகும்?

2018 ஆகஸ்டில், பினாங்கு ஜோர்ஜ் டவுன் விழாவில், தேசியக் கொடியுடன் மலேசியர்கள் நிற்கும் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். அதில் திருநங்கையர் உரிமைக்காகப் போராடும் நிஷா அயூப்பின் படமும், பாங் கீ தெய்க்கின் படமும் இருந்தன. அமைச்சரின் உத்தரவின் பேரில் அந்த இரண்டை மட்டும் அகற்றினார்கள். சுதந்திர மாதம் அது.