ராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட 293318625600

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட முழு எண்ணை உயர் பகு எண் என்கிறோம். 12 அத்தகையது, அதற்கு ஆறு வகுத்திகள் உண்டு, அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. இவ்வெண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் 6746328388800 வரை ஓர் அட்டவணை உள்ளது. அதில் ஓர் எண் மட்டும் விடுபட்டிருக்கிறது. அதுவே 293318625600.

அதன் பகாக் காரணி வடிவம் 2⁶·3⁴·5²·7²·11·13·17·19. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5040 வகுத்திகள். (5040-உம் ஓர் உயர் பகு எண்ணே. பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் நகரின் குடும்பங்களுக்கு விதித்த எண்ணிக்கையும் அதுதான்.)

விடுபட்டதற்கு ஒரு விளக்கம் உடனே தோன்றும். வரிசையில் இதற்கு முன்னுள்ள 240940299600, பின்னுள்ள 321253732800 இரண்டிலும் 23 காரணியாக உண்டு. இடையிலுள்ள இந்த எண்ணோ 23-ஐக் கைவிட்டு 19-உடன் நின்று, ஈடாக 7-ஐ இருமுறை ஏற்கிறது. எண் வளரும்போது பெரிய பகாக் காரணி பின்வாங்காது என்று ராமானுஜன் எண்ணிவிட்டாரோ?

இந்த விளக்கம் நிற்காது. 11-ஐக் கொண்ட 27720-க்கு அடுத்து வரும் 45360, 50400 இரண்டிலும் 11 இல்லை. இரண்டும் அட்டவணையில் உள்ளன. இன்னும் வலுவான சான்று விடுபட்ட எண்ணின் உறவு எண்களிலேயே கிடைக்கிறது. அதன் பாதியான 146659312800 இதே போல 23 உள்ள இரு எண்களுக்கு நடுவே 19-உடன் நிற்கிறது. அதையும், மூன்றிலொரு பங்கான 97772875200-ஐயும், காற்பங்கான 73329656400-ஐயும் அவர் பிடித்துவிட்டார். அட்டவணையின் கடைசி எண்ணான 6746328388800-ஐ 23-ஆல் வகுத்தால் கிடைப்பதே விடுபட்ட எண்! இந்த வடிவத்துக்கு முன்னும் பின்னும் சரியாகச் சென்ற ஒரு முறை, நடுவில் மட்டும் குருடாகியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே இது கோட்பாட்டின் குறையன்று, கணக்கிடும்போதோ படியெடுக்கும்போதோ நேர்ந்த நழுவல் என்றே கொள்கிறேன்.

அச்சில் கண்ணுக்குத் தப்பியதற்கும் எண்களே காரணம் சொல்கின்றன. 160626866400-இலிருந்து 240940299600-க்கு உள்ள தாவல் ஒன்றரை மடங்கு. அங்கே எதுவும் விடுபடவில்லை. அடுத்து, ஓர் எண் காணாமற்போன இடத்தில் தாவல் 4/3 மடங்குதான். வகுத்திகளின் எண்ணிக்கையும் 4800-இலிருந்து 5376-க்கு ஏறுகிறது, ஐயம் எழுப்பும் அளவுக்கு அல்ல. வரிசையை மேலிருந்து கீழே படிப்பவருக்கு இடைவெளி தெரியாது. கடைசி எண்ணிலிருந்து 23-ஐ நீக்கிப் பார்ப்பவருக்குத் தெரியும்.