எழுவான்கரை மணலும் நன்னீர்ச் சேமிப்பும்

மட்டக்களப்பின் நீர் வரலாறு எனின் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களே முதலில் நினைவுக்கு வரும். ஆயினும் அவ்வரலாற்றின் மறுபாதி நிலத்தினடியில் உள்ளது.

வாவி இந்நிலத்தை இரு கூறாக்குகின்றது. மேற்கேயுள்ள படுவான்கரையின் அடித்தளம் தொன்மையான வன்பாறை. உக்கிய மேற்படையிலும் பாறை வெடிப்புக்களிலுமே அங்கு நீர் தங்கும். ஆதலின் அணைகட்டி நிலத்தின்மேல் நீரைத் தேக்குதலே அங்குப் பொருந்திற்று. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையோ மணற்பரப்பு. மணலூடு இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு 1 அடி உயர்ந்து நிற்பின், அம்மட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கோட்பாடு.

காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி முதலிய ஊர்கள் இக்கரையில் செழித்தமைக்கு மீன்பிடியும் வணிகமும் மட்டுமன்றி, சில அடி ஆழத்திலேயே நன்னீர் சுரந்தமையும் காரணமாகும். பூவலும் துரவும் தோண்டிய முன்னோர் நீர் நிற்குமிடத்தை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

வடகீழ்ப் பருவமழை மிகுங்கால் முகத்துவார மணற்றடையை வெட்டி வெள்ளத்தைக் கடலில் விடுதல் வழக்கம். 1957, 2011ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் இன்றும் பேசப்படுவன. அவ்வாறு வீணாகும் மிகைநீரை மணலுள் சேமித்தல் ஆகாதா என்பது இயல்பாக எழும் வினா. ஆம்ஸ்டர்டாம் நகர் 1853 முதல் கடற்கரை மணற்குன்றுகளின் நீரைப் பருகிற்று; அந்நீர் குறையவே, 1957 முதல் றைன் ஆற்றுநீரை அக்குன்றுகளில் ஊறச்செய்து வருகின்றது.

எனினும் எழுவான்கரை மணல் அத்துணை உயர்ந்ததன்று. மாரியில் நீர்மட்டம் தரையை அண்மிவிடும். மிகைநீர் உள்ளபோது மண்ணில் இடமில்லை, இடமுள்ளபோது நீரில்லை. எனவே இடத்தேர்வே இங்கு முதன்மையானது. கடலோரத்தையும் வாவியோரத்தையும் விட்டு, வில்லை தடித்திருக்கும் நடுமேட்டை நாடல் வேண்டும். கோடையிறுதியில் நீர்மட்டம் ஆழ்ந்திருத்தல் வேண்டும். மலக்குழிகள் அண்மையில் இருத்தலாகாது. அத்தகைய மேட்டிலும், பருவத்தின் தொடக்க மழையைக் கூரையிலிருந்தே தூய்மையாக இறக்குதல் நன்று.

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிணறுகளை உவராக்கியது. அவற்றைத் தூய்மை செய்ய மிகையாக இறைத்தபோது, கீழிருந்த உவர்நீர் மேலெழும் இடர் உண்டாயிற்று. கிணறுகளை மீட்டதில் பெரும்பங்கு, தொடர்ந்து பெய்த பருவமழையினதே. மணல் திறந்து கிடந்தமையாலேயே மழை அப்பணியைச் செய்ய முடிந்தது.

இன்று உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வாவியைக் கடந்து வருகின்றது. அதனால் கிணறு மறக்கப்படலாம். மணல் மேடுகள் அகழப்பட்டும் சீமெந்தால் மூடப்பட்டும் போகலாம். குளம் கட்ட மனிதர் உழைக்க வேண்டியிருந்தது. இந்த மணற்களஞ்சியமோ இயற்கை அமைத்துத் தந்தது. புதிய சேமிப்பிடங்களைத் தேடுமுன், உள்ள இடத்தைக் காத்தலே அறிவுடைமையாகும்.