புளித்த பாலும் கெட்ட பாலும்: ஒரு நூற்றாண்டு விவாதம்

கறந்த பால் புளித்தால் தயிராகும். பாஸ்டர் முறையில் சூடாக்கிய பால் புளிக்காமல் அழுகிப்போகும் என்ற கருத்து இன்றும் பரவலாக உள்ளது. இது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பால் வணிகர்களும் மருத்துவர்களும் நடத்திய விவாதத்தில் முக்கிய இடம் பெற்ற வாதம் ஆகும்.

பால் புளிப்பது ஏன்?

பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று 1857இல் லூயி பாஸ்டர் விளக்கினார். 1878இல் ஜோசப் லிஸ்டர் அவற்றுள் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்தார். கறந்த பாலை வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை அமிலமாக மாற்றுகின்றன. பாலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 6.7இலிருந்து 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீன் புரதம் திரண்டு பால் உறைகிறது. அழுகலை உண்டாக்கும் பல நுண்ணுயிர்கள் இந்தப் புளிப்பில் பெருக முடிவதில்லை.

சூடாக்கும் முறை வந்த கதை

பாஸ்டர் தம் முறையை முதலில் திராட்சை மதுவுக்கே பயன்படுத்தினார். 1886இல் ஜெர்மன் வேதியியலாளர் பிரான்ஸ் வான் சாக்ஸ்லெட், குழந்தைகளுக்கான பாலைச் சூடாக்கித் தரவேண்டும் என்றார். 1893இல் நேதன் ஸ்ட்ராஸ் நியூயார்க்கில் ஏழைக் குழந்தைகளுக்கான பால் நிலையத்தைத் தொடங்கினார். காசநோய், டைபாய்டு, டிப்தீரியா ஆகியவை பால் வழியாகப் பரவிய காலம் அது. 1908இல் சிகாகோ நகரம், காசநோய்ச் சோதனை செய்யப்படாத மாடுகளின் பாலைச் சூடாக்கியே விற்க வேண்டும் என்று விதித்தது.

எதிர்ப்பு

எதிர்ப்பாளர்களின் வாதம் எளிதில் ஒதுக்கக்கூடியதாக இல்லை. பழைய பால் புளித்துத் தன் பழமையைத் தானே காட்டிக்கொடுக்கும். சூடாக்கினால் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் இறந்துவிடும். எஞ்சியவை எச்சரிக்கை இன்றிப் பாலை அழுகச் செய்யும் என்றனர். சில வணிகர்கள் பழைய பாலை ரகசியமாகச் சூடாக்கி விற்றதும் இந்த ஐயத்தை வலுப்படுத்தியது.

அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஏயர்ஸ், ஜான்சன் ஆகிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 1910இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்கால முறையில் சரியாகச் சூடாக்கிய பாலிலும் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒரு பகுதி பிழைத்திருந்தது. அந்தப் பாலும் புளித்தது. ஆனால் தாமதமாகப் புளித்தது.

இன்றைய பால் ஏன் புளிப்பதில்லை?

இதில் வெப்பத்தோடு குளிருக்கும் பங்கு உண்டு. இன்று பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கி, உடனே குளிர்விக்கின்றனர். குளிர்பெட்டியின் குளிரில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே வளரும். சூடோமோனாஸ் போன்றவை அங்கும் பெருகும். இவை வெப்பத்தில் இறந்தாலும், பாலை அடைக்கும்போது மறுபடி கலந்துவிடக்கூடும். இவை புரதத்தைச் சிதைப்பதால் கசப்பும், கொழுப்பைச் சிதைப்பதால் சிக்கு நாற்றமும் உண்டாகின்றன. வெப்பத்தைத் தாங்கும் பேசில்லஸ் வித்துகள், புளிப்பு இல்லாமலேயே பாலைத் திரியச் செய்வதும் உண்டு. குளிரில் பல நாள் வைத்த பச்சைப் பாலும் இவ்வாறே கெடும்.

நம் வீடுகளில் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறைமோர் ஊற்றுவதன் பொருளும் இதுவே. காய்ச்சும்போது இழந்த பாக்டீரியாக்களை மோர் திருப்பித் தருகிறது. கெட்டுப்போன பாலில் மோர் ஊற்றினால் அது நல்ல தயிராகாது.

புளிப்பு பாதுகாப்பின் அடையாளமா?

இல்லை. மாட்டுக் காசநோய்க் கிருமி, சிலவகை ஈ.கோலை போன்றவை புளித்த பாலிலும் பிழைத்திருக்கக்கூடும். அவை பாலின் சுவையிலோ மணத்திலோ தெரிவதில்லை. புளிப்பு பாலின் வயதைக் காட்டலாம். அதில் நோய்க்கிருமி உள்ளதா என்பதைக் காட்டாது. பழைய விவாதத்தில் எதிர்ப்பாளர்கள் கவனிக்கத் தவறியது இந்த வேறுபாட்டையே.