சிறு கருவியும் செய்திப் பாதையும்: பேர்லின் வலைப்பின்னல் குறித்து

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரது மதிநுட்பத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அம்மதிநுட்பத்தைத் தூண்டிய தேவை யாது, அதற்கு எல்லை வகுத்தோர் யாவர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. நினைவகம் குறைந்த சிறு கருவிகளில் இயங்கும் வழித்தேர்வு நெறிமுறைகளை இவ்வினாக்களோடு அணுகுவதே நமது நோக்கமாகும்.

1990 இல் ஜேர்மனி ஒன்றிணைந்த பின்னர், கிழக்குப் பகுதிகள் சிலவற்றில் தொலைபேசிக்கெனச் செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை இடப்பட்டது. பின்னர் வந்த விரைவு இணையச் சேவையோ செப்புக் கம்பியையே வேண்டி நின்றது. நவீனமெனப் போற்றப்பட்ட ஒளியிழையே கிழக்குப் பேர்லின் வாசிகள் பலருக்குத் தடையாயிற்று. கிடைத்த இணைப்புகளைக் கூரைக்குக் கூரை கம்பியில்லா முறையிற் பகிரும் முயற்சியாக ஃபிறைஃபுங்க் இயக்கம் அங்கு வேரூன்றியமைக்கு இது முக்கிய காரணமாகும்.

இயக்கத்தார் பரவலாகக் கையாண்டது, லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்ரி54ஜி என்னும் மலிவான றவுட்டர். அதன் பரவலான பதிப்புகளில் இயங்கு நினைவகம் 16 மெகாபைற். நிலை நினைவகம் 4 மெகாபைற். பலரது கூட்டுழைப்பில் உருவான லினக்ஸ் அதனுள் இருந்தமையால், உரிம நிபந்தனைக்கு அமைய 2003 இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. கருவி மக்களின் கைக்கு வசமாயிற்று.

அதே ஆண்டு வரையறுக்கப்பட்ட ஓ.எல்.எஸ்.ஆர். நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் வலைப்பின்னல் முழுவதன் அமைப்பையும் அறிந்து குறுகிய பாதையைக் கணிக்கும். கணுக்கள் சில நூறாகப் பெருகியதும், சிறு கருவிக்கு ஒரு கணிப்பே பல விநாடிகளை எடுத்தது. இம்முரண்பாட்டிலிருந்தே 2006 இல் பட்மன் நெறிமுறை பிறந்தது. ஒவ்வொரு கணுவும் தன் இருப்பை அறிவிக்கும். அவ்வறிவிப்பு எந்த அயற்கணு வழியாக நன்கு வந்து சேர்கின்றதோ, அதன் வழியே செய்தி அனுப்பப்படும். முழுப் பாதையையும் எக்கருவியும் அறிய வேண்டியதில்லை. அறிவு கூட்டாகப் பகிரப்படுகின்றது.

எனினும், இவ்வளக்குறைவை இயற்கையின் நியதியெனக் கொள்வது தவறு. 2005 இல் அதே றவுட்டரின் ஐந்தாம் பதிப்பு இரு நினைவகங்களும் பாதியாக்கப்பட்டு, லினக்ஸ் நீக்கப்பட்டு வெளிவந்தது. முன்னைய அமைப்பு வேறு பெயரில் தனிப் பண்டமாக விற்கப்பட்டது. எல்லையை வகுத்தது சந்தைக் கணக்கே.

சிக்கனமான நெறிமுறை தன்னளவில் விடுதலையைத் தந்துவிடாது. வெளியுலகுக்கான இணைப்பு வணிக நிறுவனங்களிடமே பெரிதும் தங்கியிருந்தது. ஆயினும், செய்திப் பாதையைப் பொதுவுடைமையாக மக்கள் பேண முடியும் என்பதை இவ்வரலாறு நிறுவுகின்றது. அப்பாதை யாருக்குரியது என்பது தொழினுட்ப வினா மட்டுமன்று. அது சமூக வினாவுமாகும்.